மலை உச்சியா, பசடேனாவா: லாஸ் ஏஞ்சலஸில் அம்மா அப்பாவை எந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது?

மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இரண்டு மூன்று மாதம் தங்குவதற்காக லாஸ் ஏஞ்சலஸ் போகும் சென்னைப் பெற்றோருக்கு டிஸ்னிலேண்டும் யுனிவர்சல் ஸ்டுடியோவும் ஒரே நாளில் அலுத்துவிடும். டிக்கெட் விலையை மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அலுப்பு இன்னும் கூடும். அடுத்த வார இறுதிக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு வரும்போது யாராவது ஒருவர் கெட்டி சென்டர் என்பார். மலை உச்சியில் கலை அருங்காட்சியகம், பெரிய தோட்டம், நுழைவுக் கட்டணம் கிடையாது. நல்ல யோசனைதான். ஆனால் தோட்டத்தோடு கூடிய கலை அருங்காட்சியகம் அந்த வட்டாரத்தில் இன்னும் மூன்று இருக்கின்றன: கடலோரத்தில் கெட்டி வில்லா, சான் மரினோவில் ஹன்டிங்டன், பசடேனாவில் நார்ட்டன் சைமன். இவற்றில் எதற்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போவது என்று முடிவெடுக்க ஓவியங்களின் பெருமை அவ்வளவாக உதவாது. முழங்காலும் மேகமும் 405 நெடுஞ்சாலையும்தான் முடிவெடுக்கும்.

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆகி, தூக்கம் சரியாகிவிட்டவர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கெட்டி சென்டர். முழங்கால் வலி உள்ளவர்களும், அமெரிக்காவிலும் ஒரு சோழர் செப்புத் திருமேனியைப் பார்த்துவிட வேண்டும் என்பவர்களும் நார்ட்டன் சைமன் போகலாம். மாடித் தோட்டத்தில் இருபது தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஹன்டிங்டன், அதுவும் வெயில் ஏறுவதற்குள். வில்லாவை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மலையேறுவது எப்படி

கெட்டி சென்டர் 1997 டிசம்பரில் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மேயர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்தில், 405 நெடுஞ்சாலையை ஒட்டிய குன்றின் மேல் இருக்கிறது. காரில் உச்சி வரை போக முடியாது. அடிவாரத்தில் நிலத்தடி பார்க்கிங், அதற்கு மேல் பாதுகாப்புச் சோதனை, அங்கிருந்து டிராம். காற்று மெத்தையில் மிதந்தபடி கம்பிவடம் இழுக்க ஏறும் அந்த டிராமுக்கு ஓட்டுநர் கிடையாது. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் தூரத்தை நான்கைந்து நிமிடத்தில் கடந்துவிடும்.

இங்கேதான் பலருடைய கணக்கு தப்புகிறது. நான்கு நிமிட டிராம் என்பதால் வந்தவுடன் உள்ளே போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். காரை நிறுத்தி, லிஃப்ட் பிடித்து, பையைச் சோதனைக்குக் கொடுத்து, டிராம் வரிசையில் நின்று, மேலே இறங்கிக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் அரை மணி நேரம் ஓடியிருக்கும். திரும்பும்போதும் இதே அரை மணி. மூன்று மணி நேரம் ஒதுக்கினால் கைக்குக் கிடைப்பது இரண்டு.

நுழைவு இலவசம் என்றாலும் நேரம் குறித்த முன்பதிவு வேண்டும். கெட்டியின் இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். அதில் குறிப்பிடும் நேரம் உள்ளே வருவதற்கு மட்டும்தான், மூடும் வரை இருக்கலாம். சென்னையில் இருந்தபடியே பதிவு செய்பவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். நமக்கு ஞாயிறு காலை விடியும்போது அங்கே இன்னும் சனிக்கிழமை மாலைதான். திரையில் காட்டுவது அந்த ஊர்த் தேதி.

காசு போவது பார்க்கிங்கில். காருக்கு 25 டாலர், மூன்று மணிக்கு மேல் வந்தால் 15. ஆள் கணக்கு இல்லை, ஒரு காரில் ஐந்து பேர் வந்தாலும் அதே தொகை. மேற்குப் பகுதியில், சான்டா மோனிகா ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குப் பஸ் நல்ல வழி. ஈ லைன் ரயிலில் எக்ஸ்போ - செபுல்வேடா நிறுத்தத்தில் இறங்கி 761 பஸ் ஏறினால் கெட்டி வாசலில் விடும். கட்டணம் ஆளுக்கு 1.75 டாலர், பஸ், ரயில் இரண்டுக்கும் பொதுவான டேப் கார்டில் தேய்த்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஊபரும் லிஃப்டும் அடிவார டிராம் நிலையம் வரை வரும். ஆனால் தெற்கே தள்ளி இருக்கும் அர்வைனிலிருந்து ஊபரில் போனால், மிச்சம் பிடித்த நுழைவுக் கட்டணத்தைப் போல் பல மடங்கு வாடகையில் போய்விடும். அர்வைன், செரிடோஸ் பக்கம் இருப்பவர்களுக்குச் சொந்தக் கார் ஒன்றுதான் வழி.

காலையா, பிற்பகலா

சென்னைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து காலை பத்து மணிக்கே போய்விடலாம் என்பார்கள். இங்கே கோவளம் போகிறவர்களுக்கு அது சரி. அங்கே மே, ஜூன் மாதங்களில் அது பெரும்பாலும் தவறு. பசிபிக் கடல் நீர் குளிர்ச்சியானது. அதன் மேல் படியும் ஈரக் காற்று இரவோடு இரவாகத் தாழ்ந்த மேகமாகி நகரத்துக்குள் நுழைந்து, நண்பகல் வரை கலையாமல் கிடக்கும். ஜூன் மாத மப்பு என்று அந்த ஊரில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. நகரத்தில் வெறும் மந்தாரம், குன்றின் மேலோ சில நாள் மேகத்துக்கு உள்ளேயே நிற்பது போலிருக்கும். சான்டா மோனிகா விரிகுடா, டவுன்டவுன் கட்டடங்கள் என்று எந்தக் காட்சிக்காக மலையேறினோமோ அது ஒன்றுமே தெரியாது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் வானம் திறக்கும்.

ஆனால் வந்து இறங்கிய முதல் வாரம் கணக்கே வேறு. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை லாஸ் ஏஞ்சலஸ் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை 4 மணி என்றால் நம் உடம்புக்கு விடியற்காலை 4:30. அந்த நேரத்தில் அப்பாவை வான்கோ ஓவியம் முன்னால் நிறுத்தினால் நின்றபடியே தூங்குவார். காலை பத்து மணி என்றால் உடம்புக்கு இரவு பத்தரை, அதையாவது சமாளித்துவிடலாம். முதல் வாரத்திலேயே போயாக வேண்டும் என்றால் காலைக்குப் பதிவு செய்து, காட்சி தெரியாவிட்டாலும் ஓவியம் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் பொறுங்கள். இரண்டாவதுதான் எங்கள் வோட்டு.

கிழமை விஷயத்தில் சனிக்கிழமையை விட்டால் மற்றவை எல்லாம் இரண்டாம்பட்சம். செவ்வாய் முதல் வெள்ளி வரையும் ஞாயிறும் காலை 10 முதல் மாலை 5:30 வரை, சனிக்கிழமை மட்டும் இரவு 8 வரை. மூன்று மணிக்கு மேல் போய்ப் பத்து டாலர் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வார நாளில் மூன்று மணிக்கு வந்தால் போக்குவரத்து போக ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சும். சனிக்கிழமை நான்கு. கூட்டம் அதிகம் என்பது உண்மை. இடமும் பெரிது, அதனால் டிராம் வரிசையிலும் காபி வரிசையிலும்தான் கூட்டம் உறைக்கும். வார நாள் மாலையில் 405-ல் வடக்கு நோக்கிப் போவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். கத்திப்பாராவில் மாலை ஆறரை மணிக்கு மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும். இது அதைவிட நீளம்.

திங்கட்கிழமை கெட்டி சென்டருக்கு விடுமுறை. நீண்ட வார இறுதி என்று மெமோரியல் டே, லேபர் டே திங்களுக்குத் திட்டம் போடும் பிள்ளைகள் மறக்கும் விஷயம் இதுதான். அன்றைக்கு ஹன்டிங்டன் திறந்திருக்கும். செவ்வாயில் அது தலைகீழ், ஹன்டிங்டனும் நார்ட்டன் சைமனும் மூடி, மலை திறந்திருக்கும்.

உள்ளே போனதும் எந்தப் பக்கம்

வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு பெவிலியன்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. காலவரிசைப்படி வடக்கில் 1600-க்கு முந்தையவை, கிழக்கில் 17-ஆம் நூற்றாண்டு, தெற்கில் 18, மேற்கில் 19. வரைபடத்தைக் கையில் வாங்கியவர்கள் ஒழுங்காக வடக்கில் தொடங்குவார்கள். இடைக்கால மரியன்னைகளையும் பிரெஞ்சு மன்னர் காலத்துக் கட்டில், அலமாரிகளையும் தாண்டி மேற்குக்கு வந்து சேரும்போது கால் கெஞ்சும். எல்லாரும் பார்க்க வந்த ஓவியங்கள் இருப்பதோ அங்கேதான்.

அதனால் மேற்கில் தொடங்குங்கள். லிஃப்டில் நேராக மேல்தளம். நான்கு பெவிலியன்களிலும் எண்ணெய் ஓவியங்கள் மேல்தளத்தில்தான், கூரைவழி இறங்கும் பகல் வெளிச்சத்தில். வெயிலுக்கேற்பக் கூரைத் தகடுகள் தாமாகத் திரும்பி ஒளியை அளந்து விடும். கீழ்த்தளங்களில் ஓவியச்சுவடிகளும் புகைப்படங்களும் மங்கிய விளக்கில் இருக்கும். வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும் என்பதால் அவற்றைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். போன வருடம் உறவினர் பார்த்த சுவடி உங்களுக்கு இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

வான்கோவின் 'ஐரிஸ் மலர்கள்' மேற்கு மேல்தளத்தில். 1889 மே மாதம், சான் ரெமி மனநலக் காப்பகத்துக்கு வந்த சில நாட்களில் வரைந்தது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. முன்னால் எப்போதும் செல்போன் கூட்டம் இருக்கும், ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்றால் வழி கிடைக்கும். நடுவில் நின்று பார்ப்பதைவிட இடது ஓரம் போய்ப் பாருங்கள். நீலப் பூக்களுக்கு நடுவே அங்கே ஒரே ஒரு வெள்ளைப் பூ. வானம் என்பதே படத்தில் கிடையாது, மண்ணிலிருந்து நேராக இலை, இலைக்கு மேல் பூ, பின்னால் ஆரஞ்சு நிறத் திட்டுகள். நீலம் என்று நாம் பார்ப்பதை வான்கோ வரைந்தபோது ஊதாவாகத்தான் தீட்டினார். கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிப் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று கெட்டியின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கீழ்த்தளத்தில் ஏன் அவ்வளவு இருட்டு என்பதும் விளங்கும்.

அதே தளத்தில் மோனேயின் பனி படிந்த வைக்கோல் போர், செசானின் ஆப்பிள்கள், சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும் ஜேம்ஸ் என்சாரின் 'பிரஸல்ஸில் கிறிஸ்துவின் வருகை'. இந்தக் கடைசிப் படம் நான்கு மீட்டருக்கு மேல் அகலம், முகமூடிக் கூட்டத்தில் கிறிஸ்துவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் பார்த்த கையோடு கிழக்கு மேல்தளத்துக்குப் போய் ரெம்பிராண்ட் இருபத்திரண்டு வயது வாக்கில் செப்புத் தகட்டில் வரைந்துகொண்ட, சிரிக்கும் சுய உருவத்தைப் பாருங்கள். 22 சென்டிமீட்டர் உயரம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த இரண்டு பெவிலியன் போதும். தெற்கும் வடக்கும் விட்டுப்போனால் குடிமுழுகிவிடாது. எதுவும் கடனாக வேறு ஊர்க் கண்காட்சிக்குப் போயிருக்கலாம் என்பதால், இது ஒன்றுக்காகவே போகிறோம் என்பவர்கள் முதல் நாள் இணையதளத்தில் அந்தப் படத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். காட்சியில் இருந்தால் அறை எண்ணோடு காட்டும்.

இந்தியச் சிற்பம் எங்கே என்று கேட்டுக்கொண்டு சுற்ற வேண்டாம். கெட்டி சென்டர் சேகரிப்பது ஐரோப்பியக் கலையும் புகைப்படங்களும்தான்.

ஐம்பத்தாறு கிரவுண்டுத் தோட்டம்

மையத் தோட்டத்தின் பரப்பு 1,34,000 சதுர அடி. நம் கணக்கில் ஐம்பத்தாறு கிரவுண்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடி வகைகள். வடிவமைத்த ராபர்ட் இர்வின் தோட்டக்காரர் அல்ல, ஓவியராகத் தொடங்கி ஒளியையும் இடத்தையும் வைத்து வேலை செய்த கலைஞர். மேலிருந்து கீழே ஒரு ஓடை இறங்குகிறது. அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து செல்லும் வளைபாதை. மேல்பக்கம் பெரிய பாறைகளில் மோதி ஓடை இரைச்சல் போடும். கீழே வரவரக் கற்களின் அடுக்கு மாற, சத்தமும் தணிந்து, கடைசியில் கல் படியிலிருந்து குளத்தில் விழும்போது மறுபடி எழும். குளத்துக்குள் அசேலியாப் புதர்களை வளையம் வளையமாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். வசந்த காலத்தில் மட்டும்தான் அது பூத்திருக்கும், மற்ற மாதங்களில் பச்சை வளையம்தான்.

குளத்துக்கு மேலே உள்ள சிறு வெளியில், நம் ஊரில் காங்கிரீட்டுக்குப் போடும் கம்பிகளைக் கத்தையாக நிறுத்தி, உச்சியில் குடை போல் விரித்து, அதன் மேல் காகிதப்பூக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். வாசல் சுவரோரம் முள்ளோடு கிடக்கும் அதே காகிதப்பூதான், கட்டுமானக் கம்பியின் துரு நிறத்தோடு சேர்ந்து நிற்கிறது. அம்மாக்கள் அதிக நேரம் நிற்கும் இடம் அநேகமாக இதுதான்.

இறங்குவது சுலபம், ஏறுவதுதான் முழங்காலைக் கேட்கும். புல்வெளிச் சரிவில் குறுக்கே இறங்காமல் வளைபாதையிலேயே போய் வாருங்கள். நீளம் அதிகம், சரிவு குறைவு, சக்கர நாற்காலியும் போகும். நாற்காலியை அங்கேயே இலவசமாகத் தருவார்கள், முன்பதிவு இல்லை, முதலில் வருபவர்களுக்கு. 'எனக்கு எதுக்கு அதெல்லாம்' என்று அப்பா சொல்வார். எடுத்துக்கொண்டு அதில் பைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போனால், ஒரு மணி நேரத்தில் பை மடிக்கு வந்து அவர் உட்கார்ந்திருப்பார்.

கோடையில் முதலில் ஓவியம், ஐந்து மணிக்கு மேல் தோட்டம், கடைசியாகத் தெற்கு முனையில் கள்ளித் தோட்டத்தின் மேல் நின்று நகரக் காட்சி. டிசம்பரில் இதைத் தலைகீழாக்க வேண்டும். மாலை 4:45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த குளிர்கால நாளில்தான் தொலைதூரக் காட்சி மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் மார்கழிக் கச்சேரியை விட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

கட்டடம் முழுக்க ரோம் அருகே டிவோலியிலிருந்து வந்த டிராவர்டைன் கல், 16,000 டன். பிளந்த பக்கத்தை வெளியே காட்டிப் பதித்திருப்பதால் சில கற்களில் இலையின் படிமம் அப்படியே தெரியும். பேரன் பேத்தி கூட வந்தால் தேடச் சொல்லலாம், அரை மணி நேரம் தொந்தரவு இருக்காது. வெளிர் நிறக் கல் என்பதால் பிற்பகல் வெயிலில் கண் கூசும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கூலிங் கிளாஸ் கட்டாயம். சூரியன் சாய்ந்ததும் குன்றின் மேல் காற்று குளிரும், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். புடவை கட்டி வருவதில் சிரமமில்லை, செருப்பு மட்டும் ஷூவாக மாறினால் நல்லது.

சாப்பாட்டில் கஃபேயை நம்பிச் சைவர்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சாலட், பீட்ஸா, சிப்ஸ் கிடைக்கும், எதில் சீஸ் எதில் முட்டை என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டிலிருந்து எடுத்து வரும் எலுமிச்சை சாதத்தை வெளியே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், காட்சி அறைகளுக்குள் எந்தத் தின்பண்டமும் கூடாது.

கோயிலோடு சேர்த்துப் போவது

சென்னைப் பெற்றோரின் பட்டியலில் மாலிபு வேங்கடேசுவரர் கோயில் எப்படியும் இருக்கும். கலபசாஸில் உள்ள அந்தக் கோயிலிலிருந்து கெட்டி சென்டர் சுமார் 35 கிலோமீட்டர், 101-ல் கிழக்கே வந்து 405-ல் தெற்கே திரும்ப வேண்டும். வார நாளில் மதியம் நடை சாத்தியிருப்பார்கள் என்பதால் இரண்டையும் சேர்ப்பது சிக்கல். சனிக்கிழமை பொருந்தி வரும்: பதினொரு மணிக்குத் தரிசனம், கோயில் கேன்டீன் திறந்திருந்தால் அங்கேயே சாப்பாடு, ஒன்றரைக்கு அங்கிருந்து கிளம்பி, வழியில் ஒரு காபி, மூன்றுக்குக் கெட்டி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். பெருமாள் அங்கேயும் அதே பெருமாள்தான், கூட்டமும் அப்படியே.

அக்டோபர் முதல் ஜனவரி வரை இன்னொரு கவனிப்பு. பாலைவனப் பக்கமிருந்து வறண்ட சான்டா ஆனா காற்று வீசும் பருவம் அது. 2019 அக்டோபரில் கெட்டி சென்டரை ஒட்டியே காட்டுத்தீ பரவியது. கல்லும் காங்கிரீட்டுமான கட்டடத்துக்கும் ஓவியங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பார்வையாளர்களுக்குத்தான் கதவடைப்பு. காற்று எச்சரிக்கை வந்த நாளில் கிளம்புமுன் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

மற்ற மூன்றும்

நார்ட்டன் சைமனைப் பலரும் பட்டியலில் கடைசியில் வைக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அது இரண்டாவதாக, சிலருக்கு முதலாவதாகவே இருக்க வேண்டும். பார்க்கிங் இலவசம், காரிலிருந்து வாசலுக்குக் கொஞ்ச தூரம்தான். பெரியவர்களுக்கு 20 டாலர், மூத்த குடிமக்களுக்கு 15, பதினெட்டு வயதுக்குள் இலவசம். இரண்டே தளம், இரண்டு மணி நேரத்தில் நிதானமாக முடியும். மேல்தளத்தில் வான்கோவின் 'முசுக்கொட்டை மரம்' இருக்கிறது. ஐரிஸ் வரைந்த அதே 1889-ல், அதே சான் ரெமியில், ஐந்து மாதம் கழித்து வரைந்தது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பவர்களுக்கு வண்ணம் எவ்வளவு முரடாகிவிட்டது என்பது பளிச்சென்று தெரியும்.

கீழ்த்தளத்தில் இந்திய, தென்கிழக்காசியச் சிற்பங்கள், அவற்றில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உண்டு. சிவபுரம் நடராசர் கதை தெரிந்தவர்களுக்கு இந்த அருங்காட்சியகத்தின் பெயர் புதிதல்ல. கோயிலில் போலியை வைத்துவிட்டுக் கடத்தப்பட்ட அந்தத் திருமேனியை நார்ட்டன் சைமன் எழுபதுகளின் தொடக்கத்தில் வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பத்து ஆண்டு காட்சிக்கு வைத்துவிட்டு 1986-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு அழைத்துப் போனால் அப்பா ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் நின்று படிப்பார். தோட்டம் சின்னது, நடுவில் அல்லிக் குளம், சுற்றிலும் சிற்பம், உட்கார இடம் உண்டு. செவ்வாய், புதன் விடுமுறை, நண்பகல் பன்னிரண்டுக்குத்தான் கதவு திறக்கும். காலையில் போய் நிற்க வேண்டாம்.

ஹன்டிங்டன் முதலில் தோட்டம், பிறகுதான் அருங்காட்சியகம். 130 ஏக்கர். ஒரே நாளில் முழுவதும் பார்க்க நினைப்பது வீண். பாலைவனத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், சீனத் தோட்டம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, இடையில் ஓவியக் கூடத்தில் கெய்ன்ஸ்பரோவின் 'நீலச் சிறுவனை' மட்டும் பார்த்துவிட்டு வரலாம். பாலைவனத் தோட்டத்தை முதலில் முடியுங்கள், அங்கே நிழல் கிடையாது. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் ஜூலை, ஆகஸ்டில் சான் மரினோ சென்னையைப் போலவே காயும், வியர்க்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம். கட்டணம் ஆளுக்கு முப்பது டாலர் வாக்கில், வார இறுதியில் கூடுதல். நான்கு பேர் போனால் கெட்டி பார்க்கிங்கைப் போல் ஐந்து மடங்கு ஆகும். மாதத்தின் முதல் வியாழன் இலவசம், ஆனால் அதற்கும் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும், வெளியிட்டதும் தீர்ந்துவிடும்.

கெட்டி வில்லா கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஒரு ரோமானிய மாளிகையின் மாதிரியில் கட்டியது, 1974-ல் திறந்தது. உள்ளே முழுக்கக் கிரேக்க, ரோமானியப் பொருட்கள். அரிக்கமேட்டையும் நம் பக்கம் கிடைத்த ரோமானியக் காசுகளையும் பற்றிப் படித்தவர்களுக்குச் சுவாரசியம், மற்றவர்களுக்கு உடைந்த மூக்குச் சிலைகள். 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் தீயில் கட்டடம் தப்பியது, வளாகத்து மரங்கள் ஏராளமாகக் கருகின. ஜூன் இறுதியில் மறுபடி திறந்தபோது வெள்ளி முதல் திங்கள் வரை மட்டும் என்று நாட்களைக் குறைத்தார்கள். போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கும் முன்பதிவு வேண்டும், கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி வரும் பக்கத்திலிருந்து மட்டும்தான் உள்ளே திரும்ப முடியும். ஒரே நாளில் இரண்டு கெட்டிக்கும் ஒரே பார்க்கிங் கட்டணம் செல்லும் என்பதைப் பார்த்து இரண்டையும் சேர்த்துப் போட ஆசை வரும். வேண்டாம். இரண்டிலும் தனித்தனியாக நேரம் பதிவு செய்து, நடுவில் டிராஃபிக்கில் ஒன்று தவறி, மிச்சம் பிடித்த 25 டாலருக்கு ஒரு நாள் போய்விடும்.

கிளம்புமுன் எழும்பூரில் ஒரு ஒத்திகை

தினமும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் எட்டுச் சுற்று நடக்கிறேன், எனக்கென்ன என்று அப்பா சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். வேகமாக நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அருங்காட்சியகத்தில் இரண்டடி நடந்து இரண்டு நிமிடம் நிற்கும்போது அது நடப்பதில்லை. கால் வீங்குவதும் இடுப்பு வலிப்பதும் அதனால்தான். விசா வந்ததும் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் இருந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் திருவாலங்காட்டு நடராசரையும் நின்று பார்த்தால், பசடேனாவில் பார்க்கப்போவதை எடைபோட ஒரு அளவுகோலும் கிடைக்கும். முக்கால் மணி நேரத்திலேயே அம்மா உட்கார இடம் தேடினால், அங்கே போன முதல் நிமிடமே சக்கர நாற்காலியை எடுக்க வேண்டும், அல்லது மலையை விட்டுவிட்டு நார்ட்டன் சைமன் போக வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கெட்டியில் இடம் தீர்ந்திருந்தால் இரண்டரை, மூன்றரை என்று பக்கத்து நேரங்களைப் பாருங்கள், சிலர் ரத்து செய்வதால் முதல் நாள் இரவு மறுபடி திறப்பதுண்டு. இரண்டரைக்குக் கிடைத்தால் பார்க்கிங்கில் பத்து டாலர் கூடுதல், அவ்வளவுதான். எதுவுமே கிடைக்காவிட்டால் அன்றைக்கு நார்ட்டன் சைமன். சனிக்கிழமை மாலை ஏழு வரை திறந்திருக்கும்.